சயாம் ரயில் பாதையில் செத்தவர்களும் பிழைத்தவர்களும்

(மதுரையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

யுத்தக் கைதிகளைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிய புஸ்தகங்களில் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. இன்ன தேசத்தான் சிறையில் தாக்குப்பிடிப்பான், இன்ன தேசத்தான் சீக்கிரம் ஒடிந்துபோவான், எல்லாம் அவனவன் தேசப் பண்பாட்டைப் பொறுத்தது என்கிறார்கள். நம் ஜனங்கள் செத்த ஓர் இடத்தில் வைத்து இந்த வாதத்தை உரசிப் பார்ப்போம். சயாம்–பர்மா ரயில் பாதையைத்தான் சொல்கிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. பர்மா யுத்தத்துக்குத் தளவாடம் கொண்டுபோக, மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் பாதை போட்டது ஜப்பானிய ராணுவம். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஐந்தில் ஒருவர். அதே பாதையில் கூலிகளாக உழைத்த பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், மலாயாத் தோட்டத் தமிழர் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். இவர்களில் செத்தவர் ஏறக்குறையப் பாதி! சரியான கணக்கு கிடையாது. கணக்கு வைக்கவே ஆள் இல்லை.

ஒரே காடு, ஒரே மழை, ஒரே காலரா. பின் ஏன் இந்த வித்தியாசம்? கூலிக்கு மன உறுதி இல்லை, சுத்தம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது துரைமார்களுக்குச் சுலபம்.

கைதிகளின் முகாமுக்குள் போய்ப் பார்ப்போம். பட்டாளமாகப் பிடிபட்டவர்கள் அங்கேயும் பட்டாளமாகவே இருந்தார்கள். டாக்டர் உண்டு, சமையலுக்கு ஆள் உண்டு, கட்டளை உண்டு. காய்ச்சாத தண்ணீரைத் தொடக்கூடாது. சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகுதான் கஞ்சி. அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து நிதி சேர்த்தார்கள். நம் சங்கச் சந்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கினார்கள். பூன்போங் என்ற சயாம் வியாபாரி உயிரைப் பணயம் வைத்து மருந்தைக் கடத்திக் கொடுத்தார். எல்லா அதிகாரியும் மனமுவந்து பணம் கொடுத்தான் என்று நான் சொல்லமாட்டேன். வர்க்க புத்தி அங்கேயும் இருந்தது.

பண்பாட்டுக்கு இடமே இல்லையா? உண்டு. ஜாவாவில் வாழ்ந்த டச்சு டாக்டர்களுக்குக் காட்டுக் கீரையும் மூலிகையும் தெரியும். அது பல உயிரைக் காத்தது. ஆனால் கீரையும் கஷாயமும் மேலூர்க் கிழவிக்கும் தெரியுமே! தெரிந்ததைச் செய்யவிடும் ஏற்பாடு வேண்டாமா?

இன்னொரு கணக்கு. 1943-ல் 7,000 கைதிகள் கொண்ட ஒரு படை மேல்காட்டுக்கு அனுப்பப்பட்டது. 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிரிட்டிஷாரின் சாவு விகிதம் ஆஸ்திரேலியரைப் போல் சுமார் இரண்டு மடங்கு. ஆஸ்திரேலியனின் தோழமைக் குணமே காரணம் என்று பெருமை பேசுவோர் உண்டு. தோழமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புறப்படும்போதே பிரிட்டிஷ் பகுதியில் நோயாளிகள் அதிகம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இனி நம்மவர்கள். திருச்சி, தஞ்சை, சேலம் ஜில்லாக்களிலிருந்தும், நம் மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்தும் கங்காணி பிடித்துக் கப்பலேற்றிய ஏழைகள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது வளைத்துப் பிடித்தார்கள். பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. மழையில் ஒழுகும் கொட்டகை. டாக்டர் இல்லை. தண்ணீர் காய்ச்சு என்று சொல்லவும், காய்ச்சப் பாத்திரம் கேட்டு வாங்கவும் ஒருவர் இல்லை. காலரா வந்ததும் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள், வழியிலேயே செத்தார்கள். கைதிகளிலிருந்து வைத்தியக் குழுக்களைக் கூலி முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பியது 1943 நடுவில்தான். அதற்குள் கொட்டகைகள் காலியாகிக்கொண்டிருந்தன.

அவர்களுக்கு ஒன்றுசேரத் தெரியாதா? தெரியும். 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, நல்ல வைத்தியம் கொடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்றார்கள். வைத்தியம் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே! தலைவர் ஆர்.எச்.நாதனைக் கைது செய்து நாடுகடத்தியது பிரிட்டிஷ் சர்க்கார். பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். ஏழே மாதத்தில் ஜப்பானியன் வந்தான். அவன் கையில் கிடைத்தது தலைவரை இழந்த, சங்கம் நொறுக்கப்பட்ட ஜனக்கூட்டம். நொறுக்கியவன் யார் என்பதைப் பண்பாட்டு வாதம் பேசுகிறவர்கள் எழுதுவதில்லை.

காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாய். நம்மவர்களோ பெயரில்லாமல் குழியில் தள்ளப்பட்டார்கள். உங்கள் ஊரில், உங்கள் தாத்தா பாட்டி வழியில், மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் யாரேனும் இருந்தால், பெயரும் ஊரும் போன வருஷமும் தெரிந்த மட்டும் எழுதிக் கிளைத் தோழரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.