ஓரிழை இசை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. மேல்நாட்டு இசைநூல்களிலே ‘மொனோபனி’ என்றொரு சொல் வழங்குகின்றது. அண்மையில் நம் இளைஞர் சிலர் என்னிடம் வந்து, “ஐயா, நம்முடைய தேவாரம் மொனோபனிதானாமே! மேல்நாட்டார் அந்தப் படியைத் தாண்டிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டனவாமே! வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையிலே கீபோட் வைத்து, சுரங்களை அடுக்கிப் பாடினால் என்ன?” என்று கேட்டார்கள். இதைக் கேள்வியுற்ற பெரியோர் சிலர் மனம் நொந்தார்கள். சொல்லின் பொருளைத் தெளிந்துகொண்டால் இவ்வழக்கிற் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

கிரேக்க மொழியிலே ‘மொனோஸ்’ என்றால் ஒன்று அல்லது தனி. ‘போனே’ என்றால் குரல் அல்லது ஒலி. இவ்விரண்டும் சேர்ந்து பிறந்ததே மொனோபனி. ஒரு நேரத்தில் ஒரே மெட்டு மாத்திரம் ஒலிப்பது, அதற்குத் துணையாக வேறொரு மெட்டோ சுர அடுக்கோ இல்லாதிருப்பது என்பது இதன் பொருள். இதனை இன்று ‘ஓரிழை இசை’ என்று சொல்லிக்கொள்வோம். வெவ்வேறு மெட்டுக்கள் ஒரே நேரத்திற் பின்னிச் செல்வது பொலிபனி. ஒரு மெட்டு முன்னிற்க, மற்றக் குரல்கள் சுர அடுக்காக அதைத் தாங்கி நிற்பது ஹொமோபனி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சொல் எண்ணுவது மெட்டுக்களையேயன்றி ஆட்களையன்று. ஒருவர் பாடினாலும் ஓரிழைதான். ஆயிரம் பேர் ஒரே மெட்டைப் பாடினாலும் ஓரிழைதான். ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும், பெண்களும் பிள்ளைகளும் மேல் ஸ்தாயியிலும் பாடினாலும் மெட்டு மாறாதவரை அது ஓரிழையே. ஆகவே தனிப்பாட்டு வேறு, ஓரிழை வேறு.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒலிப்பதிவிலே ‘மொனோ’, ‘ஸ்டீரியோ’ என்கிறோம். அங்கே எண்ணப்படுவது மெட்டன்று. ஒலி செல்லும் வழி. ஒரே வழியாக வருவது மொனோ. இடம் வலமாக இரு வழிகளில் வருவது ஸ்டீரியோ. இங்கிலாந்தைச் சேர்ந்த அலன் பிளம்லைன் என்ற பொறியியலாளர் இரு வழி ஒலிப்பதிவுக்கு 1931இல் காப்புரிமை கோரினார். ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் 1958 அளவில் கடைகளுக்கு வந்து பரவின. எண்பது பேர் வாசிக்கும் மேல்நாட்டு வாத்தியக் குழுவைப் பழைய தட்டிலே மொனோவாகப் பதிந்திருந்தாலும் அந்த இசை பல்லிழைதான். ஓர் ஓதுவார் பாடியதை இன்றைய கருவியிலே ஸ்டீரியோவாகப் பதிந்தாலும் அது ஓரிழைதான். கருவியின் கணக்கு வேறு, பாட்டின் கணக்கு வேறு.

இனித் தேவாரத்துக்கு வருவோம். ஓதுவார் துணையின்றித் தனித்துப் பாடும்போது அது முற்றிலும் ஓரிழை. சுருதிப்பெட்டி சேரும்போது, அடியிலே அசையாத ஒரு சுரம் நிற்கின்றது. அது மெட்டன்று; மெட்டு நிற்கும் நிலம். ஆதலால் சுருதியோடு பாடுவதையும் பலர் ஓரிழை என்றே வகுப்பர். வயலின் சேரும்போது நிலைமை சிறிது மாறுகின்றது. வயலின்காரர் பாடுபவரை ஒரு கணம் பிந்தித் தொடர்கின்றார். ஓரிடத்தில் ஒரு சிறு வளைவு கூட்டுகின்றார். ஒரே மெட்டு இரு சாயலோடு கேட்கின்றது. இதற்கு ‘ஹெற்றரோபனி’ என்று பெயர். நாதஸ்வரத்தையும் ஒத்தையும் கோயில் வீதியிலே கேட்டு வளர்ந்த நமக்கு இவை புதியன அல்ல, பெயர்களே புதியன.

குரலும் கருவியும் ஒரே மெட்டிற் செல்வது நம் பழைய நெறி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இசைக்கருவிகள் ஒன்றன் வழி ஒன்று நின்ற முறையைச் சொல்கின்றது. பெரியபுராணத்திலே திருஞானசம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதனை யாழிலிட்டு வாசித்தார். திருத்தருமபுரத்திலே, யாழ்ப்பாணரின் வாசிப்பாலேதான் பதிகம் சிறக்கின்றது என்று உறவினர் பேச, அவர் நடுங்கிப் பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளினார். கருவி பின்தங்கியது. யாழை உடைக்கப் புகுந்த பாணரைத் தடுத்து, இயன்றவரை வாசிக்குமாறு சொன்னார் பிள்ளையார். யாழ்மூரி என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர். ஒரே இழைக்குள் எவ்வளவு நுட்பம் அடங்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஓரிழை என்பது வளராத இசை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலே கிறித்தவத் திருச்சபையின் பழைய வழிபாட்டுப் பாடல்கள், கிரகோரியன் கீதங்கள் எனப்படுபவை, ஓரிழைதான். ஒன்பதாம் நூற்றாண்டு நூல்களிலேயே அம்மெட்டோடு இரண்டாங் குரல் சேர்க்கும் முறை காணப்படுகின்றது. 1200 அளவில் பாரிஸ் நகரிலே பெரொத்தின் நான்கு குரல் இசை அமைத்தார். பின்னர் பாக் போன்ற பெருமேதைகள் அவ்வழியை மலைபோல் உயர்த்தினார்கள். அது வணங்கத்தக்க கலை. எனினும், அதே கத்தோலிக்க திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலே 1963இல் வழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், பல குரல் இசைக்கும் இடமளித்து, கிரகோரியன் கீதத்துக்கே முதன்மை கொடுத்தது. மேல்நாட்டார் ஓரிழையைக் கடந்து போய்விடவில்லை. அதைக் கைவிளக்காக வைத்திருக்கின்றார்கள்.

நம் இசையின் செல்வம் வேறு திசையிலே சேர்ந்தது. சம்பந்தர் திருக்கோணமலைக்குப் பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. இன்று பூபாள ராகத்திலே பாடுகின்றோம். அதில் ஒரு சுரத்திலிருந்து மற்றதற்குக் குரல் செல்லும் வழியிலேதான் பண்ணின் உயிர் இருக்கின்றது. அசைவும் இழைவும் இல்லாவிட்டால் சுரங்கள் இருக்கும், பண் இராது. கீபோட்டில் அழுத்திய சுர அடுக்கோ நகராமல் நிற்கும். குரல் அசையும்போது அந்த அடுக்கு அதனோடு மோதும். மோதாதிருக்க வேண்டுமானால் குரல் அசைவை விடவேண்டும். எதை விடுகின்றோம் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் என்பதே இளைஞர்களுக்கு என் வேண்டுகோள். மேடை நிகழ்ச்சியிலே புதுமுயற்சி செய்யுங்கள், தடையில்லை. பிரார்த்தனையிலே மாத்திரம் சிறிது பொறுத்திருங்கள்.

ஏனென்றால், ஓரிழைக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. பல குரல் இசைக்குப் பயிற்சி வேண்டும். பாடுவோர் ஒரு பக்கம், கேட்போர் ஒரு பக்கமாகப் பிரிய நேரும். ஓரிழைப் பாட்டிலோ வாசலில் வந்து நிற்பவரும் சேர்ந்துகொள்ளலாம். எழுத்தறியாத கிழவியும், பல் முளைக்கும் பிள்ளையும், சுருதி சற்றுத் தவறுபவரும் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக் கேட்டு அதே மெட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

இப்பொழுது பெரியோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கீபோட்டைக் கண்டு அஞ்சுகின்றோம். ஆனால் ஒலிபெருக்கியை வரவேற்று உட்கார வைத்துவிட்டோம். இன்று பல இடங்களிலே பதிவு செய்த தேவாரம் ஒலிபெருக்கியிலே முழங்க, அடியார்கள் கைகூப்பி வாய்மூடி நிற்கின்றார்கள். பதிவு இல்லாத நாளிலோ ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பாட, மற்றவர் குரல் அவருக்கே கேட்பதில்லை. மெட்டு ஒன்றாக இருக்கின்றது. பாடும் வாயும் ஒன்றாகிவிட்டது. சொல்லின் இலக்கணப்படி அதுவும் மொனோபனிதான். ஆனால் கூட்டு வழிபாட்டுக்கு அது போதாது. பண்ணைக் கெடுப்பது புதிய கருவி மாத்திரமன்று. பாடாத வாயும் கெடுக்கும்.

ஆதலின் சங்கத்துக்கு இரண்டு யோசனைகள் சொல்லி அமர்கின்றேன். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே ஒரு பதிகத்தையாவது ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, சுருதிப்பெட்டி ஒன்றோடு எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு பண்ணை, அது தெரிந்த பெரியவர் ஒருவர் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பல கழுத்துக்களிலிருந்து ஒரே மெட்டு எழுவதை ஒருமுறை கேட்டபின், ஓரிழை என்பது எளிமையா வறுமையா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.