புதிதாக வரும் தொண்டருக்கு என்ன வேலை கொடுப்பது?
(தோட்ட வரைபடக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தோட்டத்து வரைபடத்தை நாமே தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். லயங்கள், பீலி, கான், குறுக்குப் பாதை, மண் சரியக்கூடிய இடம், மழைக்கு ஒதுங்கும் இடம் எல்லாம் அதில் வரும். இப்போது புதியவர்களும் "நாங்களும் வர்றோம்" என்று வருகிறார்கள். மிக்க சந்தோஷம். ஆனால் வந்தவருக்கு வேலை சொல்லாவிட்டால் இரண்டு நாள் ஓரமாக நின்று பார்ப்பார். மூன்றாம் நாள் வரமாட்டார்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததை நாம் மறக்க முடியாது. உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறியது. எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்று எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆகவே புதியவர் செய்யும் சின்ன வேலையும் உயிர் காக்கும் வேலைதான்.

"எனக்குப் படம் கீறத் தெரியாதே" என்று யாராவது சொன்னால், "நீங்க தினமும் எந்த வழியா நடக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவருடைய வேலை அந்த வழியிலேயே இருக்கிறது.

கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு மலை தெரியும். நிலத்தில் புது வெடிப்பு, புது ஊற்று, திடீரெனக் கலங்கிய பீலித் தண்ணீர், சாய்ந்த மரம் ஆகியவற்றைக் கண்டு சொல்வது அவர்கள் வேலை. முன்பு எங்கே மண் சரிந்தது என்று பெரியவர்கள் காட்டட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லயத்து நம்பரையும் காம்பரா நம்பரையும் எழுதலாம். கைத்தொலைபேசி உள்ள தம்பிமார் இடத்தைக் குறித்துப் படம் எடுக்கட்டும். இன்னொருவர் லயத்திலிருந்து ஒதுங்கும் இடத்துக்கு நடந்து எத்தனை நிமிடம் என்று பார்க்கட்டும். ஒரு ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு நடந்தால்தான் சரியான கணக்கு வரும்.

வெளியில் அதிகம் நடக்க முடியாதவர் மழையை அளக்கலாம். பக்கம் நேரான, உயரமான டின்னும் அடிமட்டமும் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். நிலம் வெடித்தால் அளவைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

நோயாளிகள், கர்ப்பிணித் தாய்மார் விபரத்தைச் சுவரில் தொங்கும் படத்தில் போடாதீர்கள். அதைத் தனிக் கொப்பியில் எழுதிப் பொறுப்பான ஒருவர் வைத்திருக்கட்டும்.

புதியவருக்கு ஒரே ஒரு வேலை, கூட ஒரு பழைய ஆள், ஒரு வாரத் தவணை. வாரக் கடைசியில் அவர் கொண்டுவந்ததை அவர் கையாலேயே படத்தில் குறிக்கச் செய்யுங்கள். தான் குறித்த இடத்தைப் பார்த்தவர் அடுத்த வாரமும் வருவார்.