முதலில் ஆடுவது வருமானமே!

குடும்பத்தில் அதிகம் ஆடுவது மனமா, வருமானமா என்பது தலைப்பு. எதிரணித் தோழர் 'ஃப்ளக்சுவேஷன்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எங்க கோயமுத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் அது தெரியுமுங்க. "கண்ணு, கரண்டு ப்ளச்சுவேசனா இருக்குது, மோட்டாரை நிறுத்து"ம்பாங்க! (சிரிப்பு)

அதன் வேர் இலத்தீன். 'ஃப்ளுக்டுஸ்' என்றால் அலை. நாமும் மனசு அலைபாயுதுன்னுதானே சொல்றோம்? அவங்க கடலும் நம்ம கடலும் ஒரே மாதிரிதான் ஆடியிருக்கு! அதை அடக்க 'ஸ்டெபிலைசர்' வாங்கி மாட்டுறோமே, அதுக்கு வேர் நிற்பது. நமக்கு 'நில்'லிலிருந்து நிலை வந்த மாதிரி.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அந்தச் சொல் மனத் தடுமாற்றத்தைத்தான் குறித்தது. தோழருக்குச் சாதகம்தான், ஒத்துக்கறேன். ஆனா அலை தானா எழும்புமாங்க? காற்றுத் தள்ளணுமல்ல?

ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்குங்க. 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது, 2012இல் 5,000க்கும் கீழே வந்தது. அந்த விவசாயியிடம் போய், மனசை அடக்குங்கன்னு சொல்லிப் பாருங்க! (கைதட்டல்)

எங்க தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு வோல்ட் மீட்டர் இருந்துச்சு. வோல்டேஜ் இறங்கினா, அதே தண்ணியைத் தூக்க மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கும். காயில் சூடேறிக் கருகிரும். ரீவைண்டிங் முடிந்து வர்றதுக்குள்ள பயிர் வாடிரும். நான் காலேஜ் சேர வேண்டிய வருஷம், ராத்திரியெல்லாம் எங்கய்யன் அந்த முள்ளையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாருங்க. முள் 400ல் நின்னா, "போய்ப் படி சாமி"ம்பார். 300க்கு வந்தா, "அடுத்த வருசம் பாக்கலாம்"பார். ஒரே ராத்திரியில் ரெண்டையும் சொன்னதுண்டு. மனசு ஆடுச்சு, இல்லைங்கல. முதல்ல ஆடினது முள்ளுங்க, நடுவரே!

கடைசியில் காயில் போயே போச்சு. ஆனாலும் என்னை அனுப்பினாங்க. ஒன்பதாவதோட நின்னது எங்க அக்கா. இன்னிக்கு முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க.