எந்தக் குரூப் என்று யார் தீர்மானிப்பது?

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி உயர்வு பேசும் மேடையில் பள்ளிக்கூடப் பாடத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பத்தாவது ரிசல்ட் வந்த மறு வாரமே, அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் வீட்டிலும் நடவுக்குப் போகும் அம்மாள் வீட்டிலும் ஒரே கேள்விதான் எழுகிறது: பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்ப்பது? பதினைந்து வயதில் சொல்லும் பதில் அறுபது வயது வரை கூட வருகிறது. ஆகவே இதுவும் கூலிப் பிரச்னைதான்.

கேள்வி புதிதல்ல. டாக்டர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த கமிஷன் 1953ல் ஒரு சிபாரிசு செய்தது. ஹைஸ்கூலில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் இருக்கட்டும். அதற்கு மேல் விஞ்ஞானம், தொழில்நுட்பம், வர்த்தகம், விவசாயம் என ஏழு பிரிவுகளில் ஒன்றை மாணவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றது. காகிதத்தில் நல்ல யோசனை! ஆனால் அதே 1953ல் ராஜாஜி சர்க்கார் இங்கே செய்தது என்ன? கிராமத்து ஆரம்பப் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றது. சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கு, பண்ணையாளின் மகன் மாட்டுக் கொட்டகைக்கு, பட்டணத்து வக்கீல் மகன் மட்டும் முழு நாள் பள்ளிக்கு. ஜனங்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். சட்டசபையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களும், வெளியே பெரியாரும் தி.மு.கழகத்தாரும் எதிர்த்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜ் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது.

அந்த நினைப்பு செத்துவிட்டதா? 2023ல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்தது. குடும்ப வழியாகவோ குருவிடமோ கற்ற 18 கைத்தொழில்களுக்கு உதவியாம். 18 வயதானால் போதுமாம். காலேஜ் வாசலில் நிற்க வேண்டிய வயதல்லவா அது!

இப்போதுள்ள ஏற்பாடு 1978ல் வந்த பிளஸ் டூ. பத்தாவது வரை எல்லோருக்கும் ஒரே அடிப்படைப் பாடம். பதினொன்றில் மொழிப்பாடமும் ஆங்கிலமும் பொது. மற்ற நான்கு பாடங்கள்தான் குரூப். கணக்கு, பௌதிகம், ரசாயனம், உயிரியல் நான்கும் இருந்தால் இன்ஜினீயரிங், டாக்டர் படிப்பு இரண்டுக்கும் வழி உண்டு. உயிரியலை விட்டுக் கம்ப்யூட்டர் எடுத்தால் டாக்டர், நர்ஸ் படிப்புப் பக்கம் போவது கஷ்டம். கணக்கை விட்டால் இன்ஜினீயரிங்கை மறக்க வேண்டியதுதான். தொழிற்பிரிவில் படித்தவருக்கு இன்ஜினீயரிங்கில் சிறு ஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வணிகவியலைக் குறைவாக எண்ண வேண்டாம். முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் நமது சங்கத்துக்கும் வேண்டும்!

இதையெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்கிறார்கள்? சொன்னாலும், தேர்ந்தெடுக்க அங்கே என்ன இருக்கிறது? ஊர்ப் பள்ளி பத்தாவதோடு நின்றால், அடுத்த ஊருக்குப் போகிற பஸ்தான் குரூப்பைத் தீர்மானிக்கிறது. மாலை வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டால், பெண் குழந்தையின் படிப்பும் அத்துடன் போகிறது. பௌதிக வாத்தியார் இடம் காலியாகக் கிடந்தால், குரூப்பின் பெயர் போர்டில் இருக்கும், பாடம் இருக்காது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடத் தெரிந்த சர்க்காருக்குப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பஸ் விடத் தெரியாதா?

இன்னொன்று. மார்க் எடுத்தவனுக்கு விஞ்ஞானம், எடுக்காதவனுக்குத் தொழிற்பிரிவு என்று பங்கு பிரிப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கைவேலையை நாம் கேவலமாக நினைப்பவர்களா? 1866ல் ஜெனீவாவில் கூடிய முதலாவது அகிலத்தின் காங்கிரசுக்கு எழுதிய குறிப்பிலேயே, மூளைப் பயிற்சி, உடற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி மூன்றும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்றார் மார்க்ஸ். அரமும் லேத்தும் வக்கீல் மகனுக்கும் கற்றுக் கொடுக்கட்டும்; அல்ஜீப்ரா பண்ணையாள் மகளுக்கும் புரியும்படி கற்றுக் கொடுக்கட்டும். ஆறாவதில் பின்னக் கணக்கு புரியாமல் மேலே தள்ளிவிடப்பட்ட பிள்ளையிடம், பதினொன்றில் "நீ விரும்பியதை எடு" என்பது விருப்பப் பாடமா, பரிகாசமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது: சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். ஒரு நாள் கூலி போனாலும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். எந்தெந்தக் குரூப் உண்டு, எத்தனை வாத்தியார் இடம் காலி என்று கேட்டு, காலியிடத்தை நிரப்பக் கோரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான நகலை நம் சங்க ஆபீசில் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, அட்மிஷன் தொடங்குவதற்கு முன்பே, முதன்மைக் கல்வி அலுவலரிடம் மகஜராகக் கொடுப்போம். தாய்மார்கள் முன்வரிசையில் வர வேண்டும்.