பெட்டைக் குதிரையின் பேரேடு

கால்நடை மருத்துவர்களும் மரபியல் மாணவர்களும் போடி மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் குதிரைக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது.

தேனியில் குதிரைக்கு என்ன கருத்தரங்கு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அகமலைப் பக்கம் ஒருமுறை ஏறியவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வண்டி போகாத மலைக் கிராமங்களிலிருந்து காப்பி மூட்டை இறங்குவது குதிரை முதுகில். ஊத்துக்காட்டுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் ஏறுவதும் குதிரை முதுகில்தான்.

பாண்டிய நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. அதில் ஒரு குறையும் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதை எழுதினார். நல்ல பெட்டைக்கும் இந்த மண்ணில் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதினார். குதிரைக்குச் சோற்றோடு இறைச்சி கொடுத்தார்கள், லாடம் அடிக்கத் தெரிந்த ஆளில்லை என்பதும் அவர் குறிப்பிலேயே இருக்கிறது. மண்ணின் மேல் போட்ட பழியில் பாதி, தீவனத்தின் மேலும் பராமரிப்பின் மேலும் விழ வேண்டியது என்பது என் கருத்து.

இன்றும் அதே பிழையைத்தான் செய்கிறோம். பெட்டை சினை நிற்கவில்லை என்றால் உடனே ‘வம்சம் சரியில்லை’ என்கிறோம். வம்சம் காரணமாகும் இடங்கள் உண்டு. குதிரைக்கு 64 குரோமோசோம்கள். எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறைந்து 63 ஆகப் பிறக்கும் பெட்டை வெளிப்பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கும். சினைப்பை மட்டும் வளராது, குட்டி ஈனாது. ஆனால் பொதுவாகச் சினை பிடிப்பதில் பரம்பரையின் பங்கு குறைவு. தீவனம், வேலைப்பளு, இணைசேர்க்கும் நாள் ஆகியவற்றின் பங்கு பெரிது.

கொட்டகுடியில் ஒரு செவலைப் பெட்டையைப் பார்த்தேன். மூன்று ஆண்டாகக் குட்டி இல்லை, விற்றுவிடலாமா என்று கேட்டார் உரிமையாளர். தோளுக்குப் பின்னால் சேணம் தேய்த்த புண். விலா எலும்பை எண்ண முடிந்தது. எந்தக் குதிரையோடு சேர்த்தீர்கள் என்றேன். அதே தாய் வயிற்றில் பிறந்த ஆண் குதிரையைக் காட்டினார். எந்தத் தேதியில் என்றதற்குப் பதில் இல்லை. குற்றம் அவருடையதல்ல, எழுதி வையுங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

கணக்கைப் பாருங்கள். பெட்டை சுமக்கும் காலம் சுமார் 340 நாள். ஆண்டுக்கொரு குட்டி வேண்டுமானால், ஈன்ற 25 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே மூட்டையும் சுமக்கும் உடம்பிடம் அதை எப்படிக் கேட்பது?

இன்னொன்று. உலகக் குதிரைகளின் தந்தை வழி மிகக் குறுகியது. இன்றைய குதிரைகள் பெரும்பாலும் சில பொலிக்குதிரைகளின் வழி வந்தவை. தாய் வழியோ விரிந்து கிடக்கிறது. அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது, மலையிலேயே பிறந்தது என்று நம் மட்டக்குதிரைகளின் தாய்மார் பல இடத்தவர். அந்தப் பன்மையை ஒரே பொலிக்குதிரையிடம் கட்டி வீணாக்குகிறோம்.

இந்தியாவில் 2012இல் 6.25 லட்சமாக இருந்த குதிரைகள் 2019இல் 3.42 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் மார்வாரி, கத்தியவாரி இனங்களுக்காக உழைக்கிறது. இனப் பெயரே இல்லாத நம் மலைக் குதிரைக்கு நாம்தான் உழைக்க வேண்டும். தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களே, உங்களுக்கு இது வீட்டு வாசலில் கிடக்கும் ஆய்வு. வேரோடு பிடுங்கிய பத்து மயிர் போதும், மரபணுச் சோதனைக்கு.

குதிரைக்காரர்களே, மதிய உணவின்போது உங்களுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் தரப்படும். பெட்டையின் பெயர், அதன் தாய், சேர்த்த குதிரை, சேர்த்த தேதி, ஈன்ற தேதி: இந்த ஐந்தையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த நோட்டோடு வாருங்கள்.