வழியறிவிப்போன் வாய்மை

(திருச்சிராப்பள்ளித் தில்லை நகரில், தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தில்லை நகரின் நெடுந்தெருவிலும் குறுக்குத்தெருக்களிலும் மருத்துவமனைகளும் வங்கிகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் எதனுள் நுழையினும் ஆங்குக் கணினி இயங்குதலைக் காணலாம். நோயாளியின் ஆய்வுமுடிவு வெளியூர் மருத்துவர்க்குச் செல்கின்றது; வணிகரின் பணம் வேற்றூர் வங்கிக்குச் செல்கின்றது. அச்செய்திகள் கட்டடத்தைவிட்டுப் புறம்போதற்கு ஒரு வாயில் வேண்டும். புதிதாய் வந்து சேர்ந்த கணினி அவ்வாயில் யாண்டுள்ளது என்பதை எவ்வாறு அறியும்? அதற்கு அறிவித்தவர் யார்? அறிவித்தவர் சொல்லை அஃது ஏன் நம்புகின்றது? இம்மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

வாயிலாய் நிற்கும் கருவியை ரவுட்டர் என்பர்; தமிழில் அது திசைவி. முக்கொம்பில் காவிரி வந்து கொள்ளிடமாகவும் காவிரியாகவும் பிரிந்து திருவரங்கத்தைத் தழுவிச் செல்லுதலை இவ்வூரார் அறிவர். ஆங்கு மதகு நீரைப் பிரித்து விடுதல்போல, வரும் செய்திப்பொதியின் முகவரியை நோக்கி, இஃது இவ்வழிச் செல்க, அஃது அவ்வழிச் செல்க என விடுப்பதே திசைவியின் தொழில்.

முன்னாளில் ஒவ்வொரு கணினியிலும் அதன் திசைவியின் முகவரியை ஓர் ஆள் கையால் எழுதி வைத்தார். பத்துக் கணினிகட்கு அது போதும். முந்நூறு கணினிகள் உள்ள கல்லூரியில் திசைவி ஒன்று பழுதாகி வேறொன்று வைப்பின், முந்நூற்றிலும் திருத்தி எழுதுவார் யார்? இச்சிக்கலைத் தீர்க்கவே, 1991 செப்டம்பரில், சுடீபன் தீரிங் என்னும் அறிஞர் தொகுத்த 1256 ஆம் எண் நெறிமுறை ஏடு வெளிவந்தது. அதன் சாரம் எளியது: திசைவி தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளட்டும், கணினிகள் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வெண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தனக்கு ஈந்த வள்ளலையும் அறிவுறுத்துவதே ஆற்றுப்படை. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். தொல்காப்பியம் இலக்கணம் வகுத்த துறை இது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம் வழியின் இடர்களையும் மறையாது கூறும். ஆற்றுப்படுத்துவோன் தான் நடந்து கண்ட வழியையே கூறுவான் என்பது இத்துறையின் உயிர்நாடி. அவ்வுயிர்நாடியே கணினி நெறிமுறைக்கும் உரியது என்பதைப் பின்னர்க் காண்க.

அறிவிக்கும் பணியைச் செய்வது திசைவியுள் ஓயாது இயங்கும் ஒரு நிரல். திரையில் தோன்றாது பின்னணியில் இயங்கும் இவ்வகை நிரல்களை டீமன் என்பர். இயற்பியலறிஞர் மாக்சுவெல் எண்ணத்தால் படைத்த பூதமொன்றின் நினைவாக, 1963 இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார் இட்ட பெயர் அது. தமிழில் ஏவலன் எனலாம். ஏவாமலே பணிசெய்வதை ஏவலன் என்றல் பொருந்துமோ எனின், தொடக்கத்தில் ஒருமுறை ஏவப்பெற்றுப் பின்னர்த் தானே தொடர்ந்து செய்தலின் பொருந்தும் என்க.

32 பிட்டு நீளமுள்ள பழைய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலகின் பொதுக்களஞ்சியத்தில் அவை 2011 பிப்ரவரி 3 ஆம் நாளோடு தீர்ந்தன. அதனை முன்னரே உணர்ந்தோர் 128 பிட்டு நீளமுள்ள ஆறாம் பதிப்பை வகுத்தனர். பழைய பதிப்பில் வழியறிவிப்பு ஒரு துணையே. ஆறாம் பதிப்பிலோ அதுவே அடிப்படை. திசைவி தன்னை மட்டும் அறிவிப்பதில்லை. அத்தெருவிற்குரிய முகவரியின் முற்பகுதியாகிய 64 பிட்டு முன்னொட்டையும் அறிவிக்கின்றது. கணினி அதனோடு தன் பிற்பகுதியை இணைத்துத் தன் முகவரியைத் தானே புணர்த்திக்கொள்கின்றது.

சப்பானிய நிறுவனங்கள் பல கூடி 1998 முதல் 2006 வரை 'காமே' என்னும் திட்டத்தால் ஆறாம் பதிப்பிற்கான நிரல்களை எழுதி உலகிற்கு விலையின்றி வழங்கின. காமே என்பது அவர் மொழியில் ஆமை. தம் மொழியிற் பெயரிட்டும் உலகிற்குப் பயன்பட இயலும் என்பதற்கு அஃதொரு சான்று. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 இலும் 2013 இலும் ஆறாம் பதிப்பிற்கு மாறுதற்கான வழித்திட்டங்களை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் தொடங்கிய சியோ கைப்பேசி வலையமைப்பு அப்பதிப்பைப் பெருமளவிற் கொண்டது. இன்று இத்தெருவில் ஒருவர் கையிலுள்ள பேசி ஆறாம் பதிப்பு முகவரி பெறுங்கால், வலையமைப்பின் வாயிலிலிருந்து வரும் இவ்வறிவிப்பினாலேயே தன் முன்னொட்டைப் பெறுகின்றது.

இனி, ஏவலனை இயக்குவோர் அறிய வேண்டுவன. லினக்சு இயங்குதளத்தில் இதற்கென ஓர் ஏவலன் உண்டு. அதன் அமைவுக்கோப்பில் எந்த இணைப்பில் அறிவிப்பது, எம்முன்னொட்டை அறிவிப்பது என எழுதுதல் வேண்டும். அதற்கு முன்னர், அக்கணினி பொதிகளை மெய்யாகவே கடத்தும் நிலையில் உளதா எனக் காணல் வேண்டும். கடத்தாது அறிவிப்பது, ஈயாதவன் வீட்டிற்குப் பாணனை ஆற்றுப்படுத்துதல் போன்றது.

அடுத்தது காலம். வேறு குறிப்பு இல்லையாயின், ஏறத்தாழ 200 நொடி முதல் 600 நொடிக்குள் ஒருமுறை ஏவலன் அறிவிக்கும். ஒரே சீராக அன்றி, இடைவெளியை மாற்றி மாற்றி அறிவிக்கும். திசைவிகள் பலவும் ஒரே நொடியில் ஒருங்கு முழங்காமைப் பொருட்டு. புதிதாய் வந்த கணினி அதுவரை காத்திராது, "வழி யாது?" எனத் தானே வினவலாம், 4 நொடி இடைவெளியில் மூன்று முறை வரை வினவும். அறிவிப்பிற்கு வாழ்நாளும் உண்டு. அது பொதுவாக 1800 நொடி, அதாவது அரைமணி. அதற்குள் மீண்டும் அறிவியாத திசைவியைக் கணினி கைவிடும்.

மூன்றாவது விடைபெறல். ஏவலனை நிறுத்துங்கால், வாழ்நாள் சுழியம் எனக் குறித்து இறுதியறிவிப்பு விடுதல் வேண்டும். "இனி இவ்வழியை நம்பற்க" என்பது அதன் பொருள். சொல்லாது மறையின், கணினிகள் அரைமணி வரையிலும் மூடிய கதவையே தட்டிக்கொண்டிருக்க நேரும்.

இனித் தலையாய இடர். வழி இல்லாதவனும் வழியறிவிக்கலாம். 2011 பிப்ரவரியில் வெளிவந்த 6104 ஆம் எண் ஏடு இதனை விரித்துரைக்கின்றது. மேலாளர் பிழை, பயனர் அறியாமை, பகைவர் சூழ்ச்சி என மூவழியானும் பொய்யறிவிப்பு எழும். ஒருவர் கணினியில் இணைப்பைப் பகிரும் வசதி தவறுதலாய் இயங்கினும் போதும். மற்றைக் கணினிகள் அதனையே வாயிலெனக் கொண்டு பொதிகளை அனுப்பும். பொதிகள் மறையும்; அன்றேல் பிறன் கண்ணிற் படும். மருத்துவமனையில் நிகழின், ஆய்வுமுடிவு உரிய பொழுதிற் போய்ச் சேராது.

இதற்குக் காப்புகள் உள. திசைவியொன்றைக் கடக்குந்தோறும் ஒன்று குறையும் ஓரெண் ஒவ்வொரு பொதியிலும் உண்டு. வழியறிவிப்பில் அவ்வெண் 255 ஆகக் குறையாது இருந்தாலன்றிக் கணினி அதனை ஏற்காது. ஆகலின், வேற்றூரிலிருந்து ஒருவன் இத்தெருக் கணினியை நேரே ஏமாற்ற இயலாது. ஆயின், வீட்டிற்குள் இருப்பவனை அவ்வெண் தடுக்காது. அதற்கு, கம்பிகள் வந்து கூடும் சுவிட்சுப் பெட்டியிலேயே, உரிய துளையினின்று வாராத அறிவிப்பைத் தடுக்கும் காவலை அமைத்தல் வேண்டும். 2011 இல் வெளிவந்த 6105 ஆம் எண் ஏடு அக்காவலைக் கூறும்.

தமிழன்பர்களே! அமைவுக்கோப்பின் வரிகளைப் பொருளறியாது பெயர்த்தெழுதும் இளைஞர் பலர். பெயர்த்தெழுதியவர்க்குப் பிழை நேருங்கால் கை ஓடாது. திசைவி, முன்னொட்டு, வாழ்நாள், விடைபெறல் எனத் தாய்மொழியிற் பொருளுணர்ந்தவரோ, எங்குப் பிழைத்தது எனத் தாமே தேடிக் காண்பர். முன்னொட்டு எனில் சொல்லின் முன்னர் ஒட்டுவது என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அவ்வறிவின்மேல் புதிய அறிவை ஏற்றுதல் எளிது. தமிழாசிரியரும் கணினியாசிரியரும் ஒருங்கமர்ந்து செய்யத்தக்க பணி இது.

வழியறிவிப்போன் வழியுடையோனாதல் வேண்டும். தன் சொல்லுக்குக் கால எல்லை கூறல் வேண்டும். நீங்குங்கால் சொல்லி நீங்கல் வேண்டும். கேட்போனும் வாயிலில் நிற்பவன் உரியவன்தானா என ஓர்ந்து கொள்ளல் வேண்டும். இவை கணினிக்கு வகுத்த விதிகளே. கணினிக்கு மட்டும் உரியன அல்ல.