கோபபந்து தாஸ்: தோப்புப் பள்ளியும் சிறைக் கவிதையும்

 

ஒடியா மொழியின் கவிஞரும் விடுதலைப் போராட்ட வீரருமாகிய கோபபந்து தாஸ் அவர்களைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். அவர் நம்மவர் அல்லர். 1877ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், பூரிக்கு அண்மையிலுள்ள சுவாண்டோ என்னும் சிற்றூரில் அந்தணர் குடியில் தோன்றியவர். பின் ஏன் அவர் பெயர் இம்மேடையில் ஒலிக்க வேண்டும்? ஒரு பள்ளிக்கூடத்தை முன்னிட்டே.

கல்கத்தாவில் சட்டம் பயின்ற அவர், 1909இல் சாக்கிகோபாலில், மகிழ மரங்கள் சூழ்ந்த தோப்பில் சத்தியவாதி வனப்பள்ளியை நிறுவினார். நீலகண்ட தாஸ், கோதாவரீச மிஸ்ரா முதலிய நண்பர்கள் உடனிருந்தனர். பாடம் மரத்தடியில் நடந்தது. அதைவிடப் பெரிய பாடம் உணவு வேளையில் நடந்தது. பல சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். சுற்றுப்புறத்து வைதிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. பள்ளியின் கூரைக் கொட்டகைக்குத் தீ வைக்கப்பட்டது. எழுத்தறிவு தருவதை மன்னிப்பவர்களும் உடனுண்பதை மன்னிப்பதில்லை என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

பள்ளி அழியவில்லை. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தையொட்டித் தேசியப் பள்ளியாகவும் மாறிற்று. ஆயினும் 1926இல் மூடப்பட்டது. தீயைத் தாங்கிய பள்ளி பொருள் முடையைத் தாங்க இயலவில்லை. நம் கழகத்தின் கணக்கேட்டைப் புரட்டியவர்களுக்கு இதன் வலி விளங்கும். மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். பள்ளியைத் தாங்கி நின்ற ஐவரும் அந்தணரே. பந்தி பொதுவாயிற்று, தலைமை பொதுவாகவில்லை. கோபபந்துவைப் போற்றும் நாம் இக்குறையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கின்றோம்.

1922 முதல் 1924 வரை அவர் சிறைவாசம் ஏற்றார். ஹசாரிபாக் சிறைக்கு அனுப்பப்பட்ட அக்காலத்தின் பயனே 'பந்தீர ஆத்மகதா', அதாவது கைதியின் தன்வரலாறு என்னும் கவிதை நூல். தம் துன்பத்தைவிடத் தம் நாட்டு மக்களின் துன்பமே அதில் பெரிதாக நிற்கின்றது.

நம் இளைஞர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டிய படைப்பு 'தர்மபத'. கோனாரக் கோயிலைப் பற்றிய பழங்கதை அது. 1,200 சிற்பிகள் உழைத்தும் கோயிலின் உச்சியை நிறைவு செய்ய இயலவில்லை. குறித்த நாள் நெருங்குகின்றது. 12 வயதுச் சிறுவன் ஒருவன், தலைமைச் சிற்பியின் மகன், அதனைச் செய்து முடிக்கின்றான். மகிழ்ச்சிக்கு மாறாக அச்சமே பிறக்கின்றது. சிறுவன் செய்ததை நாம் செய்யவில்லை என்று அரசன் நம்மைத் தண்டிப்பானே எனச் சிற்பிகள் நடுங்குகின்றனர். அவர்களைக் காக்கச் சிறுவன் கடலில் பாய்ந்து மாய்கின்றான். இதனைத் தியாகக் கதை என்று மட்டும் பாராட்டுவோர் பலர். நாம் வேறொன்றைக் கேட்கின்றோம்: உழைப்பாளியின் மகனுக்கு அவன் அறிவே கூற்றாகும்படி ஆணை பிறப்பித்தவன் யார்? கோயிலைக் கட்டிய அரசனின் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கின்றது. அந்த 1,200 பேரின் பெயர்கள் எங்கே?

பாமரரும் படித்தறியும் எளிய நடையில் 1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் 'சமாஜ' என்னும் வார இதழைத் தொடங்கினார் கோபபந்து. 1928ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், 50 வயதில் அவர் மறைந்தபோது, அவ்விதழை உறவினர்க்கு விட்டுச் செல்லவில்லை. லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்திற்கே எழுதி வைத்திருந்தார். 1930இல் அது நாளிதழாயிற்று.